தகர டின்னில் இருப்பதெல்லாம் அரிய காசா?

கேள்வி (செலாயாங்): அப்பா பாசார் போரோங்கில் கடை வைத்திருந்தபோது சேர்த்த ஒரு ரிங்கிட் கெரிஸ் நாணயங்கள் ஒரு பால் டின் நிறைய இருக்கின்றன. விற்றால் வீட்டுக் கடன் அடையுமா?

பதில்: ஒரு மாதத் தவணைக்குக்கூடக் காணாது. 1989-இல் வந்த அந்த நாணயத்தில் கள்ளக்காசு பெருகியதால், 2005 டிசம்பர் 7 முதல் அது செல்லாது. 'செல்லாக்காசு நாளைக்கு விலை ஏறும்' என்று உங்கள் அப்பா நினைத்தார். நாடு முழுக்க எத்தனையோ அப்பாக்களும் அதையே நினைத்தார்கள். எல்லார் வீட்டு டின்னிலும் இருப்பதை யார் யாரிடம் வாங்குவது? பளபளப்பு மங்காத ஒன்றிரண்டை மட்டும் பேரப்பிள்ளைகளுக்கு எடுத்து வையுங்கள்.

கேள்வி (கிள்ளான்): 1971-ஆம் ஆண்டு 20 காசு எங்கே தேடியும் அகப்படவில்லை. வியாபாரிகள் பதுக்குகிறார்களா?

பதில்: அந்த ஆண்டுக் காசு உண்மையிலேயே குறைவு. ஆனால் அந்தக் குறைவை இன்னும் பெரிதாகக் காட்டவும் முடியும். ஒருவர் கையில் முப்பது இருக்கிறது என்று வையுங்கள். முப்பதையும் மேசையில் பரப்பினால் நீங்கள் பேரம் பேசுவீர்கள். ஒன்றை மட்டும் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் உங்கள் கை தானாகப் பர்ஸுக்குப் போகும். சந்தை விலை பேசுவது கண்ணுக்குத் தெரியும் சரக்கை வைத்துத்தான். பெட்டிக்கு அடியில் இருப்பது கணக்கில் வராது. அம்கோர்ப் மால் ஞாயிறு சந்தைக்குப் போனால் "என்ன விலை?" என்று கேட்காதீர்கள். "கடைசியாக எவ்வளவுக்குக் கைமாறியது?" என்று கேளுங்கள்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): எது எப்படியோ, பதுக்கினவர்தானே கடைசியில் லாபம் பார்க்கிறார்?

பதில்: பதுக்கியது தான் ஒருவர் மட்டும்தான் என்றால் பார்ப்பார். அமெரிக்காவில் 1950-இல் டென்வர் ஆலை ஐந்து சென்ட் நாணயத்தை 26 லட்சம் அளவில்தான் அடித்தது. செய்தி பரவியதும் ரோல் ரோலாக வாங்கி அடுக்கினார்கள். 1960-களின் நடுவில் விலை உச்சிக்குப் போய், அப்புறம் சரிந்தது. அடுக்கியது அத்தனையும் புத்தம் புதிதாகவே கிடந்ததால், அந்த ஆண்டின் தேய்ந்த காசுதான் இன்றைக்குத் தேட வேண்டியதாக இருக்கிறது!

இதைவிடப் பெரிய அடி 1962-இல் விழுந்தது. நியூ ஆர்லியன்ஸ் ஆலையின் 1903 வெள்ளி டாலர், புழங்காத நிலையில், விலைப் பட்டியலில் 1,500 டாலர். அமெரிக்கக் கருவூலம் தன் நிலவறையிலிருந்த பழைய மூட்டைகளை அவிழ்த்தது. உள்ளே அதே நாணயம் குவியலாகக் கிடந்தது. விலை சில பத்து டாலருக்கு இறங்கியது. அதுவரை பெரிய பதுக்கல்காரர் அரசாங்கமே என்பது சேகரித்தவர்களுக்குத் தெரியாமல் போயிற்று.

கேள்வி (செந்தூல்): அப்படியானால் பதுக்கலால் எந்த நாணயமும் நிஜமாகவே அரிதானதில்லையா?

பதில்: உண்டு, உருக்கினால். பெட்டியில் கிடப்பது என்றைக்காவது வெளியே வரும். உலையில் போனது வராது. நம் மண்ணிலேயே பாருங்கள். நீரிணைக் குடியேற்ற டாலர் 1903-இல் 26.95 கிராம். வெள்ளி விலை ஏறி, முக மதிப்பைவிட உலோகம் உசத்தியாகிவிடும் என்ற நிலை வந்ததும், 1907-இல் அதை 20.21 கிராமுக்குச் சிறிதாக்கினார்கள். முதல் உலகப்போர் காலத்தில் சில்லறைக்குத் தட்டுப்பாடு வந்தபோது பத்து காசுக்கே காகித நோட்டு அடிக்க வேண்டியதாயிற்று.

இந்தியாவில் 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்த செய்தி வந்ததும் மக்கள் நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்டு வரிசையில் நின்றார்கள். தேவைக்கு மேல் நாணயம் சேர்ப்பதே குற்றம் என்று அரசு அறிவித்தது. ஒரு ரூபாய் நோட்டு திரும்பி வந்தது. ரூபாயில் இருந்த வெள்ளியும் பன்னிரண்டில் பதினொரு பங்கிலிருந்து பாதியாகக் குறைந்தது. ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1939-ஆம் ஆண்டு ரூபாய் லட்சக்கணக்கில் அடிக்கப்பட்டும், பெரும்பகுதி உருக்கப்பட்டதால் இன்று காண்பதே அரிது. எத்தனை அடித்தார்கள் என்பதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். எத்தனை பிழைத்தது என்று கேளுங்கள்.

கேள்வி (ரவாங்): பேங்க் நெகாராவின் நினைவு நாணயத்துக்கு வீட்டில் உள்ள ஐந்து பேர் பெயரிலும் விண்ணப்பிக்கலாமா?

பதில்: ஐந்து பேருக்கும் ஆசை இருந்தால் தாராளமாக. ஒருவருடைய ஆசைக்கு ஐந்து பெயர் என்றால், குலுக்கலில் விடுபடும் நான்கு பேரில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையும் இருக்கலாம். மறுநாளே இரட்டை விலைக்கு அதை அந்தப் பிள்ளையிடமே நீட்டுவதை என்னால் சாமர்த்தியம் என்று சொல்ல முடியவில்லை.

கேள்வி (பத்துமலை, படிவம் இரண்டு மாணவி): பாட்டியின் ஜாடி நிறைய ஒரு காசு இருக்கிறது. வீணா?

பதில்: வீணில்லை, மகளே. 2008 ஏப்ரல் 1 முதல் கடையில் மொத்தத் தொகையை ஐந்து காசுக்குச் சரிக்கட்டுகிறார்கள், அவ்வளவுதான். ஒரு காசு இன்னும் செல்லும். ஜாடியைக் கொட்டி, குளிர்பெட்டிக் கதவில் இருக்கும் காந்தத்தை எடுத்துக்கொள். 1973-க்குப் பிந்திய பழைய வரிசைக் காசு, செம்பு பூசிய எஃகு, காந்தத்தில் ஒட்டும். முந்தியது வெண்கலம், ஒட்டாது. 1976 என்று போட்டு, ஒட்டாத ஒன்று கிடைத்தால் துடைக்காதே, தேய்க்காதே, பாட்டியைக் கூப்பிடு.

கேள்வி (கெப்போங்): "இதுதான் கடைசி ஒன்று" என்று வியாபாரி அவசரப்படுத்துகிறார். வாங்கவா?

பதில்: அடுத்த மாதம் போய், அதே பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.