நாய்க்குட்டி எப்போது தெருவில் இறங்கலாம்?

கேள்வி: ஐம்பது நாள் நாட்டு நாய்க்குட்டி எடுத்து வந்திருக்கிறோம். இருப்பது லைன் வீடு. ஊசியெல்லாம் முடிகிற வரை வெளியே விடாதீர்கள் என்கிறார் டாக்டர். இப்போதே பழக்காவிட்டால் பயந்தாங்கொள்ளியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகர், அனுப்பர்பாளையம்

பதில்: இருவர் பேச்சையும் கேளுங்கள். டாக்டருக்குத் தெருவின் தரை மேல் பயம். அண்ணனுக்குக் குட்டி உலகத்தைப் பார்க்க வேண்டும். கால் தரையில் படாமலே தெருவைக் காட்டலாம் என்பதால் இருவருக்கும் சண்டையே இல்லை. தரையில் பயப்பட வேண்டியது முக்கியமாக பார்வோ வைரஸுக்கு. 1978-இல் உலகெங்கும் பரவி நாய்களைக் கொன்று குவித்த கிருமி அது. நோய் கண்ட நாயின் மலத்தில் வெளிவந்து, மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஃபினாயிலுக்கு மசியாது, பிளீச்சிங் கரைசலுக்குத்தான் அடங்கும். கட்டிங் வேஸ்ட் மூட்டைகளுக்கு நடுவே தெருநாய்கள் படுத்துக் கிடக்கும் சந்தில் எந்த இடம் சுத்தம் என்று யாரால் சொல்ல முடியும்? பனியன் கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவரின் செருப்போடும் அது வீட்டுக்குள் வரும். செருப்பை வாசலிலேயே விடுங்கள்; கையைக் கழுவிய பிறகு குட்டியைத் தூக்குங்கள்.

கேள்வி: ஓர் ஊசி போட்டாயிற்றே, போதாதா? தெருக்குட்டிகள் ஊசியே இல்லாமல் வளர்கின்றனவே?
- வாசகர், பல்லடம்

பதில்: போதாது. சீம்பாலில் தாய் கொடுத்த எதிர்ப்புச் சக்தி, நோயை மட்டுமல்ல, ஊசி மருந்தையும் தடுத்துவிடும். அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் நிறையும்வரை ஊசி போடச் சொல்கிறது உலகச் சிறுபிராணி கால்நடை மருத்துவச் சங்கம். தெருவில் வளர்ந்து நிற்கும் நாய்கள் நம் கண்ணில் படுகின்றன. செத்துப்போன குட்டிகளை யாரும் எண்ணுவதில்லை. பிழைத்ததை மட்டும் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது.

கேள்வி: அப்படியானால் நாலு மாதம் பூட்டி வைத்துவிடலாமா?
- வாசகர், அவிநாசி

பதில்: வேண்டவே வேண்டாம். ஏறக்குறைய 3 முதல் 14 வாரம் வரைதான் குட்டியின் மனம் புதியதைப் பயமின்றி ஏற்கும் பருவம். மூன்று வயதுக்குள் நாய்கள் சாவதற்கு முதல் காரணம் தொற்றுநோய் அல்ல, நடத்தைக் கோளாறு என்று அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம் 2008-இல் எழுதியது. கடிக்கிற நாயையும் மிரள்கிற நாயையும் மனிதர்கள் கைவிட்டுவிடுகிறார்கள். ஆகவே குட்டியைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு தினமும் பத்து நிமிடம் தெருமுனையில் நில்லுங்கள். டெம்போ ஹாரன், நிட்டிங் மெஷின் இரைச்சல், சைக்கிள் மணி எல்லாம் தூரத்திலிருந்தே காதில் விழட்டும். உடம்பு விறைத்தால் பத்தடி பின்னால் வாருங்கள்; கட்டாயப்படுத்தாதீர்கள். ஊசி முறையாகப் போட்ட, உங்களுக்குத் தெரிந்த நாயோடு வீட்டுக்குள் விளையாட விடலாம். மூன்றாம் மாதத்தில் வெறிநோய் ஊசியைத் தவறவிடாதீர்கள். 16 வாரம் நிறைந்து கடைசி ஊசியும் போட்டு இரண்டு வாரம் கழிந்தால், கழுத்துப்பட்டையும் கயிறுமாகத் தாராளமாகத் தெருவில் இறக்குங்கள். அதுவரை அதன் கால்கள் நீங்கள்தான்.