ரொட்டி தேசத்தில் ரொட்டி தின்னாமல் பிழைப்பது எப்படி?

ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது, உடம்பில் சீலியாக் நோயும் இருக்கிறது என்றால், சொந்தக்காரர்களிடம் இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். வேலையைச் சொல்வது நல்லது. நோயைச் சொன்னால், "கோதுமை ஆகாதா? சுகருக்கே டாக்டர் சப்பாத்திதானே சாப்பிடச் சொல்றார்!" என்று பெரியப்பா ஆரம்பிப்பார். கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் இருக்கும் குளூட்டன் உள்ளே போனால் நம் எதிர்ப்புச் சக்தியே நம் சிறுகுடலைப் புண்ணாக்கும், மாத்திரை கிடையாது, ஆயுசுக்கும் பத்தியம்தான் என்று நீங்கள் விளக்கி முடிப்பதற்குள் அத்தை ரவா லட்டுத் தட்டோடு வந்து நிற்பார். "இது ரவைடா, கோதுமையா என்ன?"

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வட இந்தியாவோடு ஒப்பிட்டால் நம் பக்கம் இந்த நோய் அபூர்வம். கையில் ஒரு கதை வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டாம் உலகப்போரின் கடைசிக் குளிர்காலம், 1944-45. நெதர்லாந்தில் பஞ்சம், ரொட்டி இல்லை. ஊரே வாடும்போது இந்த நோய் கண்ட பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். கோதுமை மேல் முன்பே சந்தேகம் வைத்திருந்த வில்லெம் டிக்கெ என்ற குழந்தை மருத்துவர் 1950இல் அதை ஆய்வேடாகவே எழுதினார். பெரியப்பா கேட்டுவிட்டு, "அப்போ அந்தப் பசங்க சப்பாத்தி சாப்பிட்டிருக்கலாமே" என்பார். விமானம் ஏறுங்கள்.

இறங்கிய ஊரில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பேரே 'ஆபெண்ட்ப்ரோட்', மாலை ரொட்டி. சரி, குடித்தாவது கவலையை மறக்கலாம் என்றால், பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் போடக்கூடாது என்று பவேரியாக்காரர்கள் 1516லேயே சட்டம் போட்டு, அந்த வழியையும் அடைத்துவைத்திருக்கிறார்கள்.

ஜெர்மன் மொழியை முழுசாகக் கற்றுக்கொள்ள வேண்டாம், கவிதையெல்லாம் அப்புறம். 'வைட்சன்' கோதுமை, 'கெர்ஸ்ட' பார்லி, 'ரோகன்' ரை. இந்த மூன்றும் எதிரிகள். நான்காவது எதிரி மாறுவேடத்தில் வரும். 'டிங்க்கல்' என்று பேர், கோதுமைச் சாயலே இருக்காது; ஆனால் அது கோதுமையின் பழைய இனம். "டிங்க்கல் உடம்புக்கு நல்லது, நீங்கள் தாராளமாகச் சாப்பிடலாம்" என்று பேக்கரி அம்மாள் பாசமாகச் சொல்வார். வணங்கிவிட்டு வெளியே வாருங்கள். நேர்மாறாக 'பூக்வைட்சன்' என்ற பேரிலேயே கோதுமை உட்கார்ந்திருக்கும், உள்ளே ஒரு துளி குளூட்டன் கிடையாது. நான் அதன் பேரைப் பார்த்தே ஆறு மாசம் ஒதுங்கி நடந்தேன்.

அந்த ஊர்ச் சட்டம் மட்டும் நம் அத்தையைவிட நல்லது. ஐரோப்பிய விதிப்படி, ஒவ்வாமைக்குக் காரணமாகும் 14 வகைப் பொருள்களில் எது சேர்ந்திருந்தாலும், பாக்கெட்டில் அது எடுப்பாகத் தெரியவேண்டும். பெரும்பாலும் தடித்த எழுத்து. 'குளூட்டன்ஃப்ரை' என்று போட்டுக்கொள்ள கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது. குறுக்கே கோடு போட்ட கதிர்ச் சின்னம் தெரிந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கலாம்.

உணவகத்தில் உருளைக்கிழங்கு வறுவல் கேட்பதற்கு முன், எந்த எண்ணெய் என்று கேளுங்கள். ரொட்டித்தூள் பூசிய ஷ்னிட்சல் நீந்திய எண்ணெயில்தான் அதுவும் குளித்திருக்கும். அறைத்தோழரின் டோஸ்டரைத் தொடவே தொடாதீர்கள். சொந்தமாக ஒரு வடிதட்டு, ஒரு மரக்கரண்டி, ஒரு வெட்டுப்பலகை வாங்கிப் பேர் எழுதி வையுங்கள். ஹாஸ்டலில் பக்கெட்டுக்குப் பெயின்ட் அடித்த அனுபவம் இங்கே கைகொடுக்கும்.

இப்படி எல்லாரையும் சந்தேகப்பட்டு, சமையற்காரரைக் குறுக்கு விசாரணை செய்து, எட்டு மாசம் வயிறு நோகாமல் ஓட்டினேன். ஒன்பதாவது மாசம் அதே ஊரில் இருந்த தஞ்சாவூர்க்கார அக்கா ஒருவர், "தனியாக் கெடக்கியேப்பா, ஞாயித்துக்கிழமை வந்து சாப்பிட்டுப் போ" என்றார். சோறு, சாம்பார், ரசம், உருளைக்கிழங்கு பொரியல், தயிர். எங்கே தேடினாலும் கோதுமை இல்லை. ஒரு கேள்விகூடக் கேட்காமல் மூன்று முறை ரசம் வாங்கினேன்.

அன்று ராத்திரி தூங்கவில்லை. மறுநாளும்.

அடுத்த வாரம் அக்காவின் அஞ்சறைப்பெட்டியில் தொடங்கி விசாரணை நடந்தது. அம்மா வறுத்து அரைத்து அனுப்பிய சாம்பார்ப்பொடி நிரபராதி. மிளகு, சீரகம் நிரபராதி. கடைசியில் பெருங்காய டப்பா. தூள் பெருங்காயம் பிசினாக மட்டும் வருவதில்லை. கோந்தும் மாவும் கலந்துதான் வரும். சிலதில் அரிசி மாவு, பலதில் கோதுமை மாவு. ஊரில் பிறந்ததிலிருந்து பார்த்த மஞ்சள் டப்பா, ஒருநாளும் அதன் முதுகைப் படித்ததில்லை. இங்கே இறக்குமதிக்காரர் அதன்மேல் ஜெர்மனில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார். நடுவில் தடித்த எழுத்தில் 'வைட்சன்மேல்'.

"அய்யய்யோ, ஒரு சிட்டிகைதானேப்பா போட்டேன்" என்றார் அக்கா. பிறகு ஏதோ நினைவு வந்தவராக எழுந்துபோய், நான் அன்று தயிர்ச்சோற்றுக்கு இரண்டு தரம் தொட்டுக்கொண்ட மாங்காய் ஊறுகாய் பாட்டிலை எடுத்துவந்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார்.