பொறுப்பாகத் தோற்பது எப்படி?

2025 ஆகஸ்டு வரை டிவியில் நடிகர் ஒருவர் சிரித்த முகமாக ஆன்லைன் ரம்மி ஆட வாருங்கள் என்று அழைப்பார். குரலில் அவ்வளவு நிதானம். அவர் முடித்ததும், ஓடுகிற ரயிலைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி இன்னொரு குரல் வரும். இதில் நிதி அபாயம் உண்டு, அடிமையாக்கக்கூடும், பொறுப்புடன், உங்கள் சொந்தப் பொறுப்பில் ஆடுங்கள் என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டுப் போய்விடும். எச்சரிக்கையைச் சாதாரணப் பேச்சு வேகத்தில்தான் சொல்ல வேண்டும் என்று விளம்பரத் துறையின் தரக் கவுன்சில் 2020 டிசம்பரிலேயே விதி வைத்தது. விதிக்கு என்ன, அது பாட்டுக்கு இருந்தது.

அந்த வாசகத்தை எழுதியவர் லேசுப்பட்டவர் அல்ல. நடிகருக்குப் பொறுப்பில்லை, கம்பெனிக்குப் பொறுப்பில்லை, விளம்பரம் போட்ட சேனலுக்குப் பொறுப்பில்லை. மிச்சமிருந்த ஒரே ஆளின் தலையில் மொத்தத்தையும் ஏற்றியாயிற்று. யார் அவர்? ராத்திரி ஷிப்ட் முடிந்து திருப்பூரில் பஸ்ஸுக்கு நிற்கும் பனியன் கம்பெனி டெய்லர். அன்றைக்குத்தான் சம்பளம் வந்திருக்கிறது, போனுக்குள்.

அவரும் பொறுப்பாகத்தான் தொடங்குகிறார். ஐம்பது ரூபாய்தான் போடுகிறார். பதிமூன்று சீட்டு வந்து விழுகிறது. சரியில்லை என்று எடுத்த எடுப்பிலேயே டிராப் செய்தால் 20 பாயின்ட் போச்சு. ஒரு சுற்று பார்த்துவிட்டு விலகினால் 40. ஜோக்கர் வரும் என்று கடைசிவரை நம்பி உட்கார்ந்தால் 80. கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், யோசிக்க நேரம் கிடையாது. யார் ஜெயித்தாலும் ஒவ்வொரு ஆட்டத்திலும் கம்பெனிக்குக் கமிஷன் உண்டு. அந்த மேஜையில் தோற்கவே முடியாத ஆள் அது ஒன்றுதான். இல்லை, இன்னொருவரும் இருக்கிறார். அவரிடம் பிறகு வருகிறேன்.

பணம் போட ஒரு தட்டு போதுமாக இருந்தது. எடுக்க வேண்டுமென்றால் பான் கார்டு, வங்கி விவரம், சரிபார்ப்பு, காத்திருப்பு. நாலு நாள் ஆடாமல் இருந்தால் போதும். 'உங்களுக்காக 500 ரூபாய் போனஸ் காத்திருக்கிறது' என்று செய்தி வரும். சொந்தக்காரன் எவனும் நம்மை இப்படித் தேடி வந்ததில்லை.

இது சூது என்று சொன்னால் கம்பெனிகளுக்குக் கோபம் வரும். திறமை விளையாட்டாம்! 1968-இல் உச்ச நீதிமன்றமே ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று சொல்லியிருக்கிறது. அந்த வழக்கு செகந்திராபாத் கிளப் ஒன்றில் எதிரெதிரே உட்கார்ந்து ஆடியவர்களைப் பற்றியது. ஆட்டத்தை வைத்து கிளப்காரர் லாபம் பார்த்தால் அது வேறு கதை என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ஐம்பது வருஷம் கழித்து அதே தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு கோர்ட் கோர்ட்டாக ஏறிய கம்பெனி வக்கீல்களுக்கு, அந்தப் பத்தி வரும்போது மட்டும் கண்ணில் தூசி விழுந்துவிடும்.

இந்த ஆட்டத்தைத் தடை செய்ய தமிழ்நாடு 2020 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டது. அதன்மேல் வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-இல் நீதியரசர் சந்துரு குழு, மறுபடி அவசரச் சட்டம், மறுபடி மசோதா. அக்டோபரில் சட்டசபை நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் மாதக்கணக்கில் வைத்திருந்து மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சட்டசபை இரண்டாம் முறை நிறைவேற்றிய பிறகே 2023 ஏப்ரலில் கையெழுத்தானது. நவம்பரில் தீர்ப்பு வந்தது: சட்டம் செல்லும், ஆனால் ரம்மிக்கும் போக்கருக்கும் செல்லாது! இத்தனை வருஷமும் தூக்கில் தொங்கியவர்கள் பற்றிய செய்தி வந்துகொண்டேதான் இருந்தது. அவர்கள் பொறுப்பில்லாமல் ஆடியவர்கள், அவ்வளவுதான்.

இதே காலத்தில் எந்த மாவட்டச் செய்திப் பக்கத்தைப் புரட்டினாலும் இன்னொரு செய்தியும் கிடைத்தது. கண்மாய்க்கரையில் பணம் வைத்துச் சீட்டாடிய ஐந்து பேர் கைது, சீட்டுக்கட்டும் சில நூறு ரூபாயும் பறிமுதல். 1930-ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டம் அவர்கள்மேல் மட்டும் தவறாமல் பாய்ந்தது. அவர்களுக்கும் திறமை இருந்தது. வக்கீல்தான் இல்லை.

தோற்கவே முடியாத அந்த இன்னொருவர் வேறு யாருமில்லை, சர்க்கார்தான். 2023 அக்டோபர் 1 முதல், ஆடுவதற்குப் போடும் பணம் முழுவதற்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி வசூலித்தது. தப்பித்தவறி ஜெயித்தால் அதில் 30 சதவீதம் டிடிஎஸ். சீட்டைத் தொடாமலே இவ்வளவு வாரிய ஆட்டக்காரரை எந்த மனமகிழ் மன்றத்திலும் பார்க்க முடியாது.

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இன்னொரு வழி பார்த்தது. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டம் கிடையாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் அரை மணிக்கொரு எச்சரிக்கை. உள்ளே வர ஆதார். கொஞ்சமாவது மூச்சு விடட்டும் என்று வைத்த விதிகள். கம்பெனிகள் அதற்கும் வழக்குப் போட்டன. ஆடுகிறவரின் அந்தரங்க உரிமை பறிபோகிறதாம்! ஒரு நாளில் 19 மணி நேரம் ஆளை உரித்தும் போதாதவர்களுக்கு அவருடைய உரிமைமேல் வந்த கரிசனத்தைப் பார்த்தீர்களா? ஜூனில் உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது.

அடுத்த இரண்டே மாதத்தில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து கடையையே சாத்தியது. 45 கோடிப் பேர் வருஷத்துக்கு 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்று அரசுத் தரப்பே சொன்னது. 28 சதவீதத்தை எண்ணி வாங்கிக்கொண்டிருந்தபோது இந்தக் கணக்கு எந்த அலமாரியில் இருந்ததோ! இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து ஆன்லைன் ஆட்டக் கம்பெனி ஒன்றின் பெயர் உதிர்ந்தது. கம்பெனிகள் கனிவோடு அறிவித்தன: உங்கள் கணக்கில் மிச்சமுள்ள பணம் பத்திரமாக இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். மிச்சம்!

கதவு சாத்தியதும் ஜன்னல் திறந்துவிட்டது. லாட்டரியை 2003-இல் தடை செய்த இதே தமிழ்நாட்டில்தான் மூணு நம்பர் லாட்டரி துண்டுச் சீட்டில் ஓடுகிறது. வெளிநாட்டுப் பந்தயத் தளங்கள் டெலிகிராம் வழியாகக் கூப்பிடுகின்றன. பொறுப்புடன் ஆடு என்று அவை புத்தி சொல்வதில்லை, அந்தமட்டில் யோக்கியர்கள்.

'விட்டதைப் பிடிச்சிட்டு விட்டுடறேன்.' இதைச் சொல்லாத ஆள் கிடையாது. மருத்துவர்களுக்கு இது நோயின் அறிகுறி. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இலேயே சூதாட்ட நோயைக் குடி, போதையோடு ஒரே அத்தியாயத்தில் சேர்த்துவிட்டது. நம் வீடுகளில் இன்னும் அதற்குப் பெயர் கொழுப்பு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில், காசில்லாமல் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சீட்டு வாங்கி உட்கார்ந்தால் பார்ப்பார்கள். விளம்பரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இடத்தை எச்சரிக்கைக்கு ஒதுக்கச் சொன்ன தரக் கவுன்சிலின் வாசகத்தில் உதவி எண் ஒன்றுகூடக் கிடையாது.

ஏடிஎம் கார்டை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுவது, யூபிஐ வரம்பைக் குறைப்பது, நகைக்கடன், கைமாற்று, லோன் ஆப் அத்தனையையும் ஒரே தாளில் எழுதி மனைவி முன்னால் வைப்பது. இவை உதவும், கடைசிதான் கஷ்டம். ஆனால் நம் குடும்பங்கள் செய்வது வேறு. மாமனார் காதும் காதும் வைத்தாற்போல் கடனை அடைத்துவிட்டு, மாப்பிள்ளை இனி திருந்திவிடுவார் என்று ஊருக்குப் பஸ் ஏறுகிறார். அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் மாப்பிள்ளையின் போனில் லோன் ஆப்பின் செய்தி: தவணையை ஒழுங்காகக் கட்டியதற்கு நன்றி, உங்கள் கடன் வரம்பு இரட்டிப்பாக்கப்பட்டுள்ளது.