ஏங்க, கொஞ்சம் பின்னால போங்க

பால்ரூம் நடனம் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டீர்கள். நீங்களாக முடிவு செய்திருக்க மாட்டீர்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் போனில், "என் கல்யாண ரிசப்ஷன்ல நீங்களும் அம்மாவும் ஒரே ஒரு பாட்டுக்கு ஆடணும்ப்பா, இப்ப எல்லாரும் ஆடுறாங்க" என்று சொல்லியிருப்பாள். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. கூமாப்பட்டியில் தென்னந்தோப்பைத் தவிர வேறெதையும் சுற்றி வந்து பழக்கமில்லாத ஒருவன், 58 வயதில் வால்ட்ஸ் பழகிய அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் இடம் பாருங்கள். எங்கள் ஊரில் இப்போது திறந்தவெளி எதையும் நம்ப முடியாது. 2025 ஜூனில் உள்ளூர்ப் பையன் ஒருவர் ரீல்ஸில் "ஏங்க" என்று ஊர் உலகத்தையே விலாசம் சொல்லிக் கூப்பிட்டதிலிருந்து, பிளவக்கல் அணைக்கு வழி கேட்டு வருகிற அத்தனை பேர் கையிலும் செல்போன் தயாராக இருக்கிறது. வயலில் நிற்கும் ஒற்றைக் கொக்கையே விடாமல் படம் பிடிக்கிறவர்கள், களத்துமேட்டில் புருஷனும் பொண்டாட்டியும் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒன்று, ரெண்டு, மூன்று எண்ணுவதைக் கண்டால் சும்மா போவார்களா? மொட்டை மாடிதான் சரி. தேங்காய் காயப்போடாத நாளாகப் பாருங்கள். கொப்பரை கிடந்த தரை வழுக்கும். நான் சொல்வதை நம்புங்கள், நீங்களும் பரிசோதிக்க வேண்டாம்.

ஆசிரியர் ஊரில் கிடையாது. செல்போன்தான் வாத்தியார். அவர் நம்மைப் பார்த்து நின்று சொல்லிக்கொடுத்தால் அவருடைய இடது கை நமக்கு வலது பக்கம் இருக்கும். இது புரிய எனக்கு நாலு நாளானது. அதுவரை நாங்கள் இருவரும் எதிரெதிர்த் திசையில் வெகு நேர்த்தியாக ஆடிக்கொண்டிருந்தோம்.

தாளம் பயப்படும்படி இல்லை. வால்ட்ஸ் என்பது திஸ்ரம். தகிட, தகிட என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டால் போதும். போட்டிகளில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 30 ஆவர்த்தனம் ஓடும், அதாவது 90 எண்ணிக்கை. முதல் எண்ணிக்கைக்குக் கனம் அதிகம். ஃபாக்ஸ்டிராட்டுக்கு நாலு எண்ணிக்கை: நிதானம், வெரசா, வெரசா. எங்கள் ஊர்ப் பேருந்தும் அப்படித்தான் போகும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கோயில் பொங்கலுக்கு நையாண்டி மேளம் கேட்டு வளர்ந்த கால் இது. கொஞ்சம் அசந்தால் மூன்றாவது எண்ணிக்கையில் தானாக ஒயிலாட்டத்துக்குத் தாவி, கைக்குட்டையைத் தேடும்.

காலடி விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் ஆர்தர் மர்ரே என்பவர் 1920களில் நடனப் பாடத்தைத் தபாலில் விற்றார். காலடி வரைந்த படங்கள் வரும்; தரையில் பரப்பி, அதன்மேல் கால் வைத்துப் பழக வேண்டியதுதான். நமக்கு இது புதிதா என்ன? கோகுலாஷ்டமிக்கு வாசலிலிருந்து பூஜையறை வரை மாவில் பாதம் போடுகிறோமே, அதே சங்கதி. கிருஷ்ணர் நேராகப் போய் வெண்ணெய் தின்கிறார். வால்ட்ஸ்காரரோ இடது கால் முன்னே, வலது கால் பக்கத்தில், இடதைச் சேர். வலது பின்னே, இடது பக்கத்தில், வலதைச் சேர் என்று ஒரு கட்டம் கட்டிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறார். வெண்ணெயும் கிடையாது. என் வீட்டில் இதற்கு நாலு புள்ளிக் கோலம் போட்டுத் தந்தார்கள். அரிசி மாவில் போடாதீர்கள். மறுநாள் எறும்புகள் கட்டத்தை எங்களைவிட ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தன.

செருப்பு போட்டு ஆட முடியாது. கால் பின்னால் போகும், செருப்பு பழைய இடத்திலேயே நிற்கும். ரப்பர் அடி வைத்த ஷூ அதைவிட மோசம். தரையைக் கவ்விக்கொள்ளும், உடம்பு திரும்பும், முட்டி திரும்பாது. முறையான நடனக் காலணிக்கு அடியில் மெத்தென்ற தோல் வைத்துத் தைப்பது இதற்காகத்தான். வேட்டி பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி பிடி. இதில்தான் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வருவார். 1816இல் லண்டனில் இளவரசர் கொடுத்த விருந்தில் வால்ட்ஸ் ஆடினார்கள் என்பதற்காக டைம்ஸ் பத்திரிகை கொதித்துப்போய் எழுதியது. பெரியம்மா டைம்ஸ் படித்ததில்லை. ஆனாலும் மாடிச் சுவருக்கு மேலே தலை தெரிந்த முதல் நாளே அதே கருத்துக்கு வந்துவிட்டார். 1924இல் லண்டன் நடன ஆசிரியர் சங்கம் பால்ரூமுக்கென்று தனிப் பிரிவு தொடங்கி, எந்தக் கால் எங்கே என்று எல்லாவற்றையும் முறைப்படுத்திவிட்டது என்று அவருக்கு எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். "சங்கம் வச்சா கட்டிப்பிடிக்கீங்க?" என்றார்.

ஆண் தன் வலது கையைப் பெண்ணின் இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே வைக்க வேண்டும். அவர் இடது கை நம் புஜத்தின் மேல். மற்ற இரண்டு கைகளும் கோத்து, கண் உயரத்தில். முக்கியமானது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. சற்றே பக்கவாட்டில் விலகி நின்று, அவரவர் இடது பக்கமாக எங்கேயோ பார்க்க வேண்டும். ஒட்டி நின்றுகொண்டு ஆளுக்கொரு திசையைப் பார்ப்பது புதுத் தம்பதிகளுக்குக் கஷ்டம் என்கிறார் வீடியோ வாத்தியார். கல்யாணமாகி 30 வருஷம் ஆனவர்களுக்கு இது பிறவி ஞானம் மாதிரி வந்துவிடும்.

பால்ரூமில் எல்லா ஜோடியும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும் என்பது விதி. ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேர் ரத வீதியை வலமாக வருவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். இடமாகச் சுற்ற மனசு கேட்காது. பெரியம்மா அதையும் கவனித்தார்: "அப்பிரதட்சணமாச் சுத்துதுக, அதான் மழை இல்ல."

தேர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஆண் நடத்த வேண்டும், பெண் தொடர வேண்டும் என்று பாடத்தில் வரும். உடனே நம் ஆட்கள் வடம் பிடிப்பது என்று நினைத்துக்கொண்டு மனைவியைப் பிடித்து இழுப்பார்கள். தேரை வடம் நகர்த்தும். மூலையில் திருப்புவது சக்கரத்தடியில் செருகும் முட்டுக்கட்டை. அதைப் போடுகிறவர் சத்தமே போடமாட்டார், சரியான நொடியில் கட்டையைத் தள்ளுவார், அவ்வளவு பெரிய தேர் திரும்பும். நடனத்தில் நடத்துவது அந்த வேலை. இது புரிந்தபோது எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. மனைவியிடம் விளக்கினேன். "என்னைத் தேருன்னு சொல்றீங்களா?" என்று கேட்டாள். அன்று பயிற்சி நடக்கவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. எந்த வீடியோவும் எச்சரிக்காது. வால்ட்ஸில் ஆண் முன்னால் வந்தால் பெண் பின்னால் போக வேண்டும்.

"நீ பின்னால போகணும்" என்றேன்.

"முப்பது வருஷமா உங்க பின்னாலதான வாரேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும் பத்தடி முன்னாலயே போய் நின்னுக்கிட்டு, இன்னும் வரலையான்னு திரும்பிப் பாக்குறது யாரு?"

"அந்தப் பின்னால இல்ல. இது முதுகுப் பக்கமா."

"எந்தப் பின்னாலயும் முடியாது. ஏங்க, நீங்க கொஞ்சம் பின்னால போங்க."

போனேன். பின்னால் போகும்போது நுனிக்கால் முதலில், குதிகால் அப்புறம். தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. ஒரு வாரத்தில் இன்னொன்றும் தெரிந்தது: அவள் முட்டுக்கட்டையைச் சரியாகப் போடுகிறாள். விலா எலும்பில் லேசாக ஒரு விரல், நான் திரும்பிவிடுவேன். பாடத்தில் ஆண், பெண் என்று வருகிற இடத்தையெல்லாம் மாற்றிப் படித்துக்கொண்டோம்.

ரிசப்ஷன் ராஜபாளையத்தில். எங்கள் பாட்டு ஆரம்பித்து இரண்டாவது கட்டம் போடும்போது, கீழே பந்தி போட்டாச்சு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மூன்றாவது கட்டத்தில் மண்டபம் காலி. பெரியம்மாதான் முதலில் எழுந்து போனார். மகளும் மாப்பிள்ளையும் மேடையில் யாருடனோ போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். நாற்காலியில் தூங்கும் ஒரு குழந்தை, வீடியோக்காரர், நாங்கள். ஆடி முடித்தோம்.

"அண்ணாச்சி, லைட்டு சரியா விழல. இன்னொரு தடவ ஆடுங்க" என்றார் வீடியோக்காரர்.

மனைவி பந்திப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு என் விலாவில் விரலை வைத்தாள்.