ஆக்டாபாக்ஸ் உள்ளே, ஆள் வெளியே

பென்னாகரத்தில் பத்துக்குப் பத்து அறை பிடித்து ஸ்டுடியோ போடும் தம்பி முதலில் கேட்பது 120 சென்டிமீட்டர் ஆக்டாபாக்ஸ், அதாவது ஒளியை மிருதுவாக்கும் எட்டு மூலை சாஃப்ட்பாக்ஸ். அதை விரித்து ஸ்டாண்டில் மாட்டினால், படமெடுக்க வந்தவர் வாசலில்தான் நிற்க வேண்டும். வெள்ளைக் குடை போதுமே என்றால் முகம் சுருங்குகிறது. குடை மலிவு, ஒளியும் மிருது. ஆனால் அடங்காத விருந்தாளி. நாலு சுவரிலும் முட்டித் திரும்பும். வீட்டுக்காரர் ராசிக்காக அடித்த கிளிப்பச்சை டிஸ்டெம்பர் மாப்பிள்ளையின் கன்னத்தில் வந்து உட்காரும். சாஃப்ட்பாக்ஸ் ஒளி ஓரளவு சொன்ன பேச்சு கேட்கும். தேன்கூட்டு வலையும் மாட்டினால் இன்னும் அடக்கம்.

மிருது விலையில் இல்லை, முகத்துக்கு ஒளி வரும் பரப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதில் இருக்கிறது. 60 சென்டிமீட்டர் பெட்டியைக் கிட்டே இழுத்தால், இரு மடங்கு தள்ளி நிற்கும் 120-க்கு ஈடு. எதிர்ப்பக்க நிழலைத் தணிக்க, டி.வி. பெட்டியில் வந்த தெர்மாகோல் போதும். ரிஃப்ளெக்டர் என்று சொன்னால் மரியாதையும் கிடைக்கும்.

இவ்வளவும் அமைத்த பிறகு ஏரியூர் பஸ்ஸில் வந்து இறங்குபவர் கேட்பார்: “அண்ணா, கொஞ்சம் கலரா வர்ற மாதிரி எடுங்கண்ணா.” அதற்கான பெட்டி கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது.