பத்துப் பொருத்தம் பார்த்த கதை

1998 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் சிலர் கூடி உட்கார்ந்து ஒரு பிள்ளைக்குப் புதுப்பெயர் வைத்தார்கள். பிள்ளை, அதாவது யாரும் எடுத்து, மாற்றி, பகிரக்கூடிய புரோகிராம், பிறந்து பல வருஷமாகிவிட்டது. 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்ற பழைய பெயரைக் கேட்டாலே கம்பெனிக்காரர்கள் "ஓசியா?" என்று முகம் சுளித்ததுதான் வம்பு. கிறிஸ்டின் பீட்டர்சன் 'ஓப்பன் சோர்ஸ்' என்றார், ஒட்டிக்கொண்டது. அதைக் கட்டிக் காக்க ஒரு சங்கமும் பிறந்தது. ஓசி என்ற பேச்சை ஒழிக்க வந்த அந்தச் சங்கத்தின் பெயர் ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ், சுருக்கமாக ஓ.எஸ்.ஐ. வேகமாகச் சொல்லிப் பாருங்கள்.

பெயர் வைத்தால் போதுமா, ஜாதகம் பார்க்க விதி வேண்டாமா? புரூஸ் பெரன்ஸ் முந்தைய வருஷம் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் தொகுப்பைத் தயாரிப்பவர்களுக்காக எழுதிய விதிகளை எடுத்தார். டெபியன் என்று வந்த இடங்களை அழித்தார். ஓப்பன் சோர்ஸ் வரையறை தயார். இன்று எண்ணினால் அதில் சரியாகப் பத்து விதிகள். நம்மூர் ஜோசியர் யாராவது ஆலோசனை சொல்லியிருப்பாரோ என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

அப்புறம், புரோகிராமை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமங்கள் ஒவ்வொன்றாகக் கட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தன.

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மின்சுற்று வடிவமைக்க ஒரு புரோகிராம் இருந்தது. தென்னாப்பிரிக்கப் போலீஸ் அதைத் தொடக்கூடாது என்று உரிமத்தில் ஒரு வரி. நிறவெறி ஆட்சிக் காலம். எழுதியவர்களுக்குத் தங்கமான மனசு. 1994இல் அந்த ஆட்சி ஒழிந்து மண்டேலா ஜனாதிபதியானார். உரிமத்துக்கு இந்தச் சேதியைச் சொல்ல ஆளில்லை. மண்டேலாவின் போலீசுக்கும் அதே தடை. எந்த ஆளையும் ஒதுக்கக் கூடாது என்பது ஐந்தாம் பொருத்தம். அங்கேயே தட்டிவிட்டது.

அதே பெர்க்லியின் பழைய பி.எஸ்.டி. உரிமம் கேட்டது ஒரே ஒரு விளம்பர வரி: எங்கள் சரக்கைப் பற்றி விளம்பரம் போட்டால் எங்கள் பெயரையும் போடு. நியாயம்தான். பார்த்தவர்களெல்லாம் பெர்க்லி இருந்த இடத்தில் தங்கள் பெயரை எழுதிக்கொண்டார்கள். 1997இல் நெட்பி.எஸ்.டி. இயங்குதளத்தின் ஒரு பதிப்பை, ஃப்ரீ சாஃப்ட்வேர் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் எண்ணிப் பார்த்தபோது இப்படி 75 வரிகள். தாய்மாமன், சித்தப்பா, ஒன்றுவிட்ட பெரியப்பா என்று நீளும் கல்யாணப் பத்திரிகையே தோற்றது. 1999 ஜூலையில் பல்கலைக்கழகம் தன் வரியை நீக்கிக்கொண்டது. மற்ற மாமன்மார் அவரவர் இஷ்டம்.

சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் செய்ததுதான் உச்சம். மின்னஞ்சல் படிக்க அவர்கள் தந்த 'பைன்' புரோகிராமின் உரிமம், பயன்படுத்தலாம், நகலெடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று பச்சையாகச் சொன்னது. ஊரே கும்பிட்டது. பிறகு பல்கலைக்கழகம் தொண்டையைக் கனைத்தது: "மாற்றலாம் என்றோம். கொடுக்கலாம் என்றோம். மாற்றியதைக் கொடுக்கலாம் என்று எப்போது சொன்னோம்?" அதாவது அரிசியை அரைக்கலாம், அரிசியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், அரைத்த மாவை மட்டும் கொடுக்கக் கூடாது. மூன்றாம் பொருத்தம் போச்சு. டெபியன்காரர்கள் அசரவில்லை. அரிசியையும் அரைக்கும் முறையையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, வீட்டில் நீங்களே அரைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தார்கள்.

டக்ளஸ் கிராக்ஃபோர்ட் தன் புரோகிராம்களுக்கான ஜேசான் உரிமத்தில், இதை நல்லதுக்குத்தான் பயன்படுத்த வேண்டும், கெட்டதுக்கு அல்ல என்று எழுதினார். பாட்டி சொன்னால் தலையாட்டுவோம். வக்கீல் படித்தால் தூக்கம் போய்விடும். எந்த வேலைக்கும் தடை போடக் கூடாது என்பது ஆறாம் பொருத்தம். கெட்ட வேலையும் வேலைதானே! ஐ.பி.எம்.மின் வக்கீல்கள் தயங்கி வந்து கேட்க, ஐ.பி.எம்.மும் அதன் வாடிக்கையாளரும் எடுபிடிகளும் தாராளமாகக் கெட்டது செய்யலாம் என்று தனி அனுமதி கொடுத்ததாக அவரே மேடையில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இரண்டு ஜோசியர் ஒத்துப்போகாத ஜாதகமும் உண்டு. பெர்ல் மொழிக்கு லாரி வால் எழுதிய 'ஆர்ட்டிஸ்டிக்' உரிமத்தை ஓ.எஸ்.ஐ. ஏற்றது. ஸ்டால்மன் தரப்போ, தெளிவே இல்லை, சில வரிகளில் சாமர்த்தியம் மிதமிஞ்சிவிட்டது என்று தள்ளியது.

இப்போது மாப்பிள்ளைகளிலேயே பெரிய மாப்பிள்ளை. 1991 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் 0.01. இதற்குக் காசு வாங்கக் கூடாது, அனுப்பும் செலவுக்குக்கூட வாங்கக் கூடாது என்றது அதன் உரிமம். விற்பதைத் தடுக்காதே என்பது முதல் பொருத்தம். ஓப்பன் சோர்ஸ் உலகின் மூலவரே முதல் கட்டத்தில் அவுட்! நல்லவேளை, பொருத்தம் பார்க்கும் சங்கம் பிறக்கும் முன்பே, 1992இல், லினக்ஸ் ஸ்டால்மனின் ஜி.பி.எல். உரிமத்துக்கு மாறிவிட்டது.

நீங்கள் எழுதிய புரோகிராமை ஊருக்குக் கொடுக்க ஆசையா? உரிமத்தை மட்டும் சொந்தமாக எழுதாதீர்கள். எம்.ஐ.டி., அப்பாச்சி, ஜி.பி.எல். என்று ஏற்கெனவே பொருத்தம் பார்த்தவை இருக்கின்றன. ஒன்றை எடுத்து அப்படியே ஒட்டுங்கள். கீழே நல்லெண்ணத்தில் ஒரே ஒரு வரி சேர்க்கக் கை பரபரத்தால், மண்டேலாவின் போலீசை நினைத்துக்கொள்ளுங்கள்.