ஆறு கன்ஃபர்மேஷன்

எங்கள் பகுதி மின்சார அலுவலகத்தின் மேன்மை தங்கிய அதிகாரிகளுக்கு, மதுரை வைகை வடகரைவாசி ஒருவன் பணிந்து எழுதுவது.

'தங்கள் புகார் சரிசெய்யப்பட்டது' என்று நேற்றிரவு தாங்கள் அனுப்பிய குறுஞ்செய்தியை மெழுகுவத்தி வெளிச்சத்தில் படித்துப் புளகாங்கிதம் அடைந்தேன். தெருவே இருட்டு. ஆனால் புகார் சரியாகிவிட்டது!

கரண்ட் போன நேரத்தில் என் வீட்டு பிட்காயின் நோடில், பரிவர்த்தனைகளைத் தேடிப் பார்க்கும் எக்ஸ்ப்ளோரர் ஏறிக்கொண்டிருந்தது. நம் பரிவர்த்தனையை அடுத்தவர் தளத்தில் தேடினால், நம் கண் எந்த முகவரிமேல் இருக்கிறது என்று அவருக்கும் தெரிந்துபோகும். அதனால் 2009 முதலான கணக்கு முழுவதையும், 600 ஜிபிக்கு மேல், சொந்த டிஸ்க்கில் இறக்கி, பிளாக் பிளாக்காகச் சரிபார்த்து இண்டெக்ஸ் போடுவது. பழைய பிளாக்குகளை வெட்டி இடம் மிச்சம் பிடிக்கும் 'புரூன்' வசதி இதற்கு ஆகாது. நடுவில் கரண்ட் போனால் மெமரியில் இருந்தது டிஸ்க்குக்குப் போய்ச் சேராது. டேட்டாபேஸ் கெட்டதென்றால் மறுபடி 2009. இன்வெர்ட்டர் முடிந்த மட்டும் தாங்கியது. தங்கள் நெஞ்சுரத்துக்கு அது ஈடாகுமா?

பிட்காயினில் ஒரு பரிவர்த்தனை பிளாக்கில் ஏறினால் ஒரு கன்ஃபர்மேஷன். மேலே பிளாக் சேரச் சேர எண்ணிக்கை கூடும். பெரிய தொகை என்றால் ஆறு ஆகும்வரை பொறுப்பார்கள், ஏறக்குறைய ஒரு மணி நேரம். தங்களிடமும் எண்ணினேன். போனை எடுத்தவர், "இந்தா வந்துரும்": ஒன்று. லைன்மேன், "ஃபீடர்ல ஃபால்ட்டுண்ணே, பத்து நிமிசம்": இரண்டு. குறுஞ்செய்தி மூன்று. பிறகு போனே எடுக்கவில்லை. அதை நாலாகக் கொள்ளலாமா என்று பிட்காயினைப் படைத்த சட்டோஷியைத்தான் கேட்க வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கும் நேரமே முன்கூட்டிப் பேப்பரில் வந்துவிடுகிற ஊரில், கரண்ட் வரும் நேரம் மட்டும் தேவ ரகசியம்.

காலையில் நேரில் வந்தேன். விஷயத்தைக் கேட்ட ஐயா, "பிட்காயினா? வீட்ல மைனிங் பண்றீகளா? அப்ப கமர்ஷியல் டாரிஃப்புக்கு மாத்தணுமே!" என்றார். பில் கட்ட நின்ற வரிசை மொத்தமும் திரும்பி என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தது. ஐந்தாவது கன்ஃபர்மேஷன்!

ஐயா, கணக்கைச் சரிபார்க்கும் நோடு வேறு, காயின் எடுக்கும் மைனிங் வேறு. என் பெட்டி தின்பது பழைய குண்டு பல்பு அளவுகூட இல்லை. காயினை விற்றால் லாபத்தில் 30 சதவீதம் வரி, 2022 ஏப்ரலிலிருந்து. வாங்கிய விலையைத் தவிர கரண்ட் பில்லைக்கூடக் கழிக்க முடியாது. இந்த லட்சணத்தில் நான் கமர்ஷியல்!

கரண்ட் வராமலே வந்ததாக எழுதுவது பொய். பனையோலை விசிறியோடு கிழவிகள் வாசலில் விடிய விடிய உட்கார்ந்திருக்கும் தெருவுக்கு அந்தப் பொய்யை எஸ்.எம்.எஸ்ஸாகவும் அனுப்புவது திமிர். மன்னிக்க வேண்டும், வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது.

2020-லேயே பிளாக்செயின் கொள்கை வெளியிட்ட மாநிலம் நம்முடையது. தங்கள் புகார்ப் பதிவேட்டையும் பிளாக்செயினில் ஏற்றிவிடலாமே? எழுதியதை அழிக்க முடியாது என்பது கொஞ்சம் அசௌகரியம்தான். தெருவில் ஆறு வீடு "ஆமா, வந்துருச்சு" என்றால்தான் புகார் மூடும். அந்த ஆறாவது கன்ஃபர்மேஷனை நானே தருகிறேன். தாங்கள் கரண்டைத் தந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள நுகர்வோன்
(இணைப்பு வகை: வீட்டு உபயோகம் மட்டுமே)